ஜி.டி. பூமிகா

பேருந்து நிறுத்தத்தில் கட்டியிருந்த ஃப்ளெக்ஸில் பூமிகா ஆளுயரத்துக்கு நின்றாள். "புதுக்குடா மண்ணின் மகள் அ. பூமிகா, பி.காம்., ஜி.டி. அவர்களே வருக வருக!" என்று கொட்டை எழுத்தில் அடித்திருந்தார்கள். அதற்குக் கீழே வரவேற்கிறவர்கள் பதினேழு பேர், அத்தனை பேரும் கூலிங்கிளாஸில்.

ஜி.டி. என்பது படித்து வாங்கிய பட்டமே இல்லை. வலைப்பந்து ஆடுகிறவர்கள் யார் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக நெஞ்சில் எழுத்து ஒட்டிக்கொள்வார்கள். ஜி.டி. என்றால் கோல் டிஃபென்ஸ். எதிரணிக்காரி வளையத்தில் பந்தைப் போடாமல் மறிக்கிறவள். பேராவூரணி ஃப்ளெக்ஸ்காரர் படத்தில் இருந்த அந்த எழுத்தைப் பார்த்து, அவள் வேலை பார்க்கிற சிங்கப்பூரில் வாங்கிய டிகிரி போலிருக்கிறது என்று பி.காமுக்குப் பக்கத்தில் ஒட்டவைத்துவிட்டார். ஊரில் ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை.

பூமிகாவின் அப்பா அய்யாவுவுக்கு விஷயம் தெரியும். ஆனால் அவர் கண் எழுத்தில் நிற்கவில்லை, சட்டையில் நின்றது. கடலில் எங்கோ தள்ளி வருகிற படகை, கொடியின் நிறத்தை வைத்தே யாருடையது என்று சொல்லிவிடுகிற மனிதர் அவர். மகள் எப்போதும் போடுகிற நீலச் சட்டை இல்லை இது. சிவப்பு. நெஞ்சோரம் சின்னதாக ஒரு பிறை, ஐந்து நட்சத்திரம்.

"புது டிசைனா இருக்கும்" என்றார்கள் டீக்கடையில்.

படத்தைக் கொடுத்தவன் அவருடைய தம்பி மகன் ரஞ்சித். இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், வேலை மட்டும் விளையாட்டுப்பிள்ளை வேலை.

"எங்கடா புடிச்ச இந்தப் படத்த?"

"அக்கா இன்ஸ்டாகிராம்ல போட்டுச்சு பெரியப்பா. ஒரு மணி நேரத்துல எடுத்துருச்சு. நான் அதுக்குள்ள சேவ் பண்ணிட்டேன்ல!"

போட்டதை ஏன் எடுத்தாள்? மகள் வேறொரு நாட்டுக்கு ஆடப்போகிறாளா என்ற கேள்வியை அய்யாவு ஒருத்தரிடமும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

அந்த வலைப்பந்தில் அவளைத் தள்ளிவிட்டதே அவர்தான். அவள் ஒன்பதாவது படிக்கும்போது ஞானாம்பாள் டீச்சர் வீடு தேடி வந்து, "உங்க பொண்ணு நல்ல உயரம். வலைப்பந்துல சேத்துக்கிறேன்" என்றார். "வலைன்னா எங்க தொழிலாச்சே டீச்சர், இதுக்கு எதுக்குக் கையெழுத்து" என்று சொல்லிக்கொண்டே போட்டார். முதல் மேட்ச்சுக்குப் போய் வலையைத் தேடினார். கம்பத்து உச்சியில் ஒரு வளையம், அதில் ஒரு முழ வலை. பந்து உள்ளே விழுந்து கீழே போய்விட்டது. "அடியத் தைக்காம விட்டுட்டாங்களே பாவிங்க!" என்று அவர் கத்தியதில் பள்ளிக்கூடமே சிரித்தது.

அப்புறம் தமிழ்நாட்டு அணி, அப்புறம் இந்திய அணி. அவள் முதன்முதலில் நீலச் சட்டை போட்ட வாரமே அய்யாவு தன் ஃபைபர் படகில் மூவர்ணக் கோடு இழுத்து, 'இந்தியா பூமிகா' என்று பெயர் எழுதினார். பிறகு சிங்கப்பூரில் ஒரு பள்ளியில் பயிற்சியாளர் வேலை கிடைத்தது. "ரெண்டே வருசம்பா" என்று போனவளுக்கு இப்போது ஏழு வருடம் ஆகிவிட்டது. அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்காக வந்து இறங்கியிருக்கிறாள்.

வந்ததிலிருந்து ஒரு நிலையில் இல்லை. சோற்றில் கை வைத்துக்கொண்டு, "அப்பா..." என்பாள். "என்ன பாப்பா?" என்றால், "கொழம்பு நல்லாருக்கு" என்பாள். குழம்பு வைத்தது சௌந்தரநாயகி. முப்பத்திமூன்று வருடமாக இப்படி ஒரு பாராட்டை வாங்காத அம்மா, சந்தேகத்தோடு மகளைப் பார்த்தாள்.

மூன்றாம் நாள் திருக்கடையூர். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, மாலை மாற்றி, மறுபடி ஒரு தாலி கட்டி முடிந்தது. சௌந்தரநாயகி புதுப்பெண் மாதிரி வெட்கப்பட்டு, சொந்தக்காரர்களின் கேலியில் மாட்டிக்கொண்டாள். ஈர வேட்டியோடு பிரகாரத்தில் ஒதுங்கி நின்ற அய்யாவுவிடம் பூமிகா துண்டை நீட்டினாள்.

"பாப்பா, உங்க ஆட்டத்துல பந்து கைக்கு வந்தா எவ்வளவு நேரம் வச்சிருக்கலாம்?"

"மூணு செகண்டுப்பா. ஏன்?"

"நீ மூணு நாளா வச்சிருக்க. விட்டுரு."

அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. பிறகு கொட்டிவிட்டாள். "சிங்கப்பூர் டீம்ல எடுத்துட்டாங்கப்பா. பாஸ்போர்ட்டும் மாத்திட்டேன். அடுத்த மாசம் மொத மேட்ச். இந்தியாவோட."

அய்யாவு துண்டால் தலையைத் துவட்டினார். துவட்டித் துவட்டித் தலை காய்ந்தே போயிற்று.

"நம்ம புள்ளைங்களயே மறிப்பியா?"

"மறிக்கணும்பா. அதான் என் வேல. இந்தியா டீம்ல நாலு வருசமா என்னக் கூப்புடல. முழங்கால் இன்னும் ரெண்டு வருசம் தாங்குனா பெரிசு. எனக்கு ஆடணும்பா, அவ்வளவுதான்."

அவருக்கு வலித்தது. இந்தியா என்பதால் மட்டுமில்லை, பாஸ்போர்ட்டை மாற்றும்போது ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்றுதான் அதிகம் வலித்தது. "பந்தி போட்டுட்டாங்க, வா" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். அவள் விமானம் ஏறுகிறவரை அதைப் பற்றி மறுபேச்சே இல்லை.

மேட்ச் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மீன் ஏலம் போடும் கொட்டகையில் ரஞ்சித் டிவி கட்டி, ஃபோனை அதில் இணைத்திருந்தான். அவள் சிங்கப்பூருக்கு ஆடுகிற சேதி அதற்குள் பரவி, ஊரே கூடிவிட்டது. ஐஸ் வியாபாரி சித்தீக்தான் எல்லோரும் விழுங்கிக்கொண்டிருந்ததை அய்யாவுவிடம் கேட்டார்.

"மாமா, இப்ப யாருக்குக் கை தட்டுறது?"

சௌந்தரநாயகி முந்திக்கொண்டாள். "நான் வாக்கப்பட்டு வந்த வருசம் கபடியில எங்கண்ணன் டீம் இந்த ஊருக்கு எதிரா ஆடுச்சு. நான் யாருக்குக் கத்துனேன்? இந்த ஊருக்குத்தான். அன்னிக்கு ஒருத்தரும் என்னய ஒண்ணும் கேக்கல. இவரு பல்லக் காட்டிக்கிட்டு நின்னாரு."

கொட்டகை சிரித்தது. அய்யாவு சிரிக்கவில்லை.

ஆட்டம் இழுபறி. இந்தியா பந்து போட்டால் கொட்டகை அதிரும், பூமிகா மறித்தால் பாதிப் பேர் தட்டிவிட்டுப் பக்கத்து ஆளைப் பார்த்து நிறுத்திக்கொள்வார்கள். கடைசி நிமிடம், இரண்டு அணியும் சமம். இந்தியப் பெண் ஒருத்தி வளையத்துக்குப் பக்கத்தில் நின்றவளுக்குப் பந்தை உயரத்தில் வீசினாள். குறுக்கே ஓர் உருவம் எழும்பியது. சட்டையின் நிறம் அய்யாவுவின் கண்ணில் படவில்லை. நெஞ்சில் இருந்த எழுத்துதான் பட்டது. அது பதினான்கு வருடமாக அவருக்குத் தெரிந்த எழுத்து.

"ஜிடி! அப்புடித்தான் ஜிடி! விட்ரு, மூணுக்குள்ள விட்ரு!"

அவள் இரண்டிலேயே விட்டாள். அந்தப் பந்து மறுகோடி வளையத்தில் விழ, சிங்கப்பூர் ஒரு கோலில் ஜெயித்தது. சித்தீக் எழுந்து நின்று, "ஜிடி!" என்றார். அவ்வளவுதான், ஊரே பிடித்துக்கொண்டது. நாட்டுப் பிரச்சினை அப்படித் தீர்ந்தது.

மறுநாள் சாயங்காலம் பூமிகா வீடியோவில் வந்தாள். சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"யாருக்குப்பா கத்துனீங்க?"

அய்யாவு ஃபோனைத் திருப்பிப் படகைக் காட்டினார். மூவர்ணக் கோடு அப்படியே இருந்தது. அதை அழிக்க அவருக்கு மனசு வரவில்லை, இருந்துவிட்டுப் போகட்டும். 'இந்தியா' இருந்த இடத்தில் மட்டும் பெயிண்ட் இன்னும் காயாமல் மினுங்கியது: ஜி.டி. பூமிகா.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது.

"ஒண்ணு," என்றார் அய்யாவு. "ரெண்டு..."

"அப்பா, இனிமே ஒளிக்க மாட்டேம்பா!"