தண்ணீர் கொடுக்காத சனிக்கிழமை

பத்தொன்பது வருடம் எதிரெதிர் போட்டோ கடைகளில் உட்கார்ந்து நானும் அஜாபொங்கும் ஒருவர் பிழைப்பை ஒருவர் கெடுத்துக்கொண்டிருந்தோம். எழுபத்தெட்டாம் வருடம் வயிற்றைக் கிழித்து ஆபரேஷன் என்று ஆனதும், அவன் தன் போட்டோ ஸ்டூடியோவுக்கான பவர் பத்திரத்தை என் பேரில் எழுதினான். குமாசி ஊரே சிரித்தது.

“ஏன்டா, உனக்கு வேற ஆளே கெடைக்கலையா?” என்று கேட்டேன்.

“நல்லவன் ஏமாத்தினா ஊர் நம்பாது, நிமோ. நீ ஏமாத்தினா உடனே நம்பும். அந்தப் பயத்துலயே ஒழுங்கா இருப்ப.”

எங்கள் குல வழக்கப்படி ஒருவன் செத்தால் சொத்து பிள்ளைக்கு இல்லை, அக்கா தங்கை மக்களுக்கு. அக்கா தங்கை பெற்ற அஜாபொங்கின் மூன்று மருமகன்களுக்கும் கேமராவில் எந்தப் பக்கம் கண்ணை வைப்பது என்று தெரியாது; விற்கத் தெரியும். எட்டு வருடமாக இருட்டறையில் நின்று கடையைத் தாங்குகிறவள் அவன் மகள் சேர்வா. நிலைமை மோசமானால் கடையை அவள் பேருக்கு மாற்றிவிடு என்றான். அதை இப்போதே எழுதேன் என்றால், எழுதினால் சாவு படித்துவிட்டு வந்துவிடுமாம். இந்த முட்டாளிடம்தான் இத்தனை வருடம் தோற்றிருக்கிறேன்.

பத்திரம் டைப் அடித்து முத்திரை குத்திய பக்கத்துக் கடை மென்சா எச்சரித்தான். “அவர் கண்ண மூடிட்டார்னு உங்க காதுல விழற வரைக்கும்தான் உங்க கையெழுத்துக்கு உயிர். விழுந்துச்சுன்னா வெறும் காகிதம்.”

ஆபரேஷன் முடிந்து மூன்று நாளாக அஜாபொங் கண் விழிக்கவில்லை. சனிக்கிழமை காலை அவன் குடும்பத் தலைவர் டார்க்குவா, எழவு வீட்டுக்கு உடுத்தும் கறுப்பும் சிவப்புமான சாவுத்துணியைப் போர்த்திக்கொண்டு, நான் பார்த்துக்கொண்டிருந்த அவன் ஸ்டூடியோவுக்கு வந்தார். பின்னால் மூத்த மருமகன். படுபாவி போய்விட்டான் என்று நினைத்தேன். அழ நேரமில்லை.

வந்தவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, என்ன சேதி என்று கேட்ட பிறகுதான் எங்கள் பெரியவர்கள் வாயைத் திறப்பார்கள். கேட்காத இடத்தில் சேதி சொல்வது அவர்களுக்குக் கேவலம். நான் உட்காரவைத்தேன். தண்ணீர் கொடுக்கவில்லை.

“வெயில் ஜாஸ்தி,” என்றார் பெரியவர்.

“ஆமாங்க. குடிக்கக்கூடத் தண்ணி இல்ல.”

“அந்தப் பானை நெறைய இருக்கே?”

“அது படம் கழுவுற மருந்துங்க.”

மருமகன், “மாமா வந்து…” என்று ஆரம்பித்தான். பெரியவர் கைத்தடியால் அவன் முழங்காலில் ஒன்று வைத்தார். “பெரியவன் நான் இருக்கேன்ல? வாய மூடு.” அந்தத் தடிக்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

மென்சாவை டைப்ரைட்டரோடு பின்வாசல் வழியாக இருட்டறைக்குள் தள்ளினேன். கடையைச் சேர்வா பேருக்கு மாற்றும் பத்திரத்தைச் சிவப்பு விளக்கில் தட்டத் தொடங்கினான்.

“உள்ள என்ன சத்தம்?”

“படம் காயுதுங்க. கதவத் தொறந்தா ஒரு கல்யாணமே அழிஞ்சுடும்.”

இருட்டறைக்குள் சேர்வா கையெழுத்துப் போடாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “அப்பா இருக்காரா சித்தப்பா?”

“தெரியாதும்மா. தெரியாம இருக்கத்தான் இவ்வளவு பாடுபடறேன். போடு.”

போட்டாள். நானும் போட்டேன். மென்சா முத்திரை குத்தினான். பிறகு இரண்டு தம்ளர் தண்ணீரோடு வெளியே வந்து, “என்ன சேதிங்க?” என்றேன்.

பெரியவர் நிதானமாகக் குடித்து முடித்தார். “ஒரு எழவு வீட்டுக்குப் போயிட்டு வர்றேன். அஜாபொங் காலைல முழிச்சுட்டான். கஞ்சி கேட்டான். பவர் பத்திரத்தத் திருப்பி வாங்கிட்டு வரச் சொன்னான்.”

சனிக்கிழமைதான் எழவுச் சடங்கு நாள் என்பதால் குமாசியில் பாதிப் பேர் சாவுத்துணியில்தான் திரிவார்கள். என் மரமண்டைக்கு அது உறைக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். எனக்கு முன்னாலேயே கடையிலிருந்து கிளம்பிய மூத்த மருமகன் வந்து சேர்ந்து, மாமாவின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தான். மற்ற இரண்டு மருமகன்களில் ஒருவன் விசிறினான், ஒருவன் கஞ்சி ஊட்டினான். நடந்ததைச் சொன்னேன்.

“அப்ப எனக்குன்னு?” என்றான் அஜாபொங்.

“ஒரு பல்புகூட இல்ல. எல்லாம் சேர்வாவுது.”

விசிறி நின்றது. கொஞ்ச நேரத்தில் ஒருவனுக்கு வேலை ஞாபகம் வந்தது, ஒருவனுக்குத் தலைவலி வந்தது. மூத்தவன் பிடித்திருந்த காலை விட்டுவிட்டு எழுந்து போனான். கஞ்சி ஸ்டூலில் ஆறிக்கொண்டிருந்தது. அஜாபொங் வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தான். என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சாயங்காலம் சேர்வா வந்தாள். கஞ்சியைச் சுடவைத்து வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

“அஞ்சு மணிக்கே கடையச் சாத்திட்டியா?” என்று சீறினான் அஜாபொங்.

“என் கடை. நான் சாத்துவேன். வாயத் தொறங்க.”

அவன் வாயைத் திறந்தான்.