கரப்பானுக்குப் பல் வைத்தவன்

பல் டாக்டரம்மாவிடம் போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். பல்வலி பரவாயில்லை, காதுவலிதான் தாங்கவில்லை என்பார்கள். ஊசி போட்டு, வாயில் பஞ்சைத் திணித்து, ஆள் இனி எழுந்து ஓட மாட்டான் என்று உறுதியான பிறகுதான் அம்மாள் 'கடைசிக் கிரகம்' பற்றி ஆரம்பிப்பார். விண்வெளிப் படம். பெயர்தான் கடைசிக் கிரகம், எட்டுப் பாகம் வந்தும் கடைசி வந்த பாடில்லை. "நாலாவது பாகத்துல கேப்டன் செத்தது நிஜமான சாவுன்னு நீங்க நம்பறீங்களா?" என்று கேட்பார். நாற்காலியில் கிடப்பவர் "ஆ... ஆங்..." என்பார். "அதேதான் நானும் சொல்றேன்!" என்று சந்தோஷமாக மெஷினை ஓட்டுவார். இத்தனை வருஷத்தில் ஒருவர்கூட அவரை எதிர்த்துப் பேசியது கிடையாது. எப்படிப் பேசுவது, வாய் அவர் கையில் அல்லவா இருக்கிறது!

அந்தப் படத்தின் ரசிகர் மன்றத்துக்கும் அவர்தான் தலைவி. மன்றத்தில் "தளபதி" என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். அங்கே ஒரு சட்டம் உண்டு, கேட்டால் சிரிப்பீர்கள். புதுப் பாகத்தின் முதல் காட்சி முடிந்ததும் எல்லாரும் தியேட்டர் படியில் கூட வேண்டும். தளபதி மேல்படியில் நின்று தீர்ப்புச் சொல்வார். அதுவரை யாருக்கும் சொந்தக் கருத்து கூடாது. படம் பிடித்திருந்தால் பல்லைக் காட்டக் கூடாது, பிடிக்காவிட்டால் கொட்டாவி விடக் கூடாது. தீர்ப்பு வந்த பிறகு அதையே அவரவர் வார்த்தையில் ஊரெல்லாம் சொல்லிக்கொள்ளலாம். அதற்கு அவர்கள் வைத்த பெயர் கருத்துச் சுதந்திரம்.

ஒன்பதாவது பாகத்தின் டிரெய்லர் வந்த அன்று டாக்டரம்மா ஒருவருக்குக் கடைவாய்ப் பல்லைக் குடைந்துகொண்டிருந்தார். உதவிக்கு இருக்கும் நர்ஸ் போனைப் பிடித்துக் காட்ட, ஒரு கையில் மெஷினோடு பார்த்தார். கேப்டனின் கப்பலில் புதிதாக ஒரு பிராணி வந்தது. ஆறு கால், உருண்டைக் கண், வாய் நிறையப் பல். பெயர் பூமோவாம். அவ்வளவுதான், டாக்டரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மெஷினை நிறுத்தக்கூட இல்லை, மன்றத்துக்குக் குரல் செய்தி போட்டுவிட்டார். "இது என்ன ஜந்து? கரப்பான்பூச்சிக்குப் பல் கட்டி விட்ட மாதிரி! இதைப் பண்ணினவன் கண்ணை வாடகைக்கு விட்டுட்டானா? முதல்ல அவனை வேலையை விட்டுத் தூக்குங்க!"

அதற்கப்புறம் பூமோ என்று யார் சொன்னார்கள்? கரப்பான், கரப்பான், கரப்பான். கரப்பானுக்குப் பாட்டுக் கட்டினார்கள், செருப்பால் அடிப்பதுபோலப் படம் வரைந்தார்கள். மன்றத்தின் துணைத்தலைவர் ஒரு மருந்துக்கடைக்காரர். அவர் தன் கடையில் பூச்சி மருந்து அடுக்குக்கு மேலே படத்தின் சுவரொட்டியை ஒட்டி வைத்தார். அம்மாளின் குரல் எங்கெங்கோ போயிற்று. தன் வாய்ச்சொல் இவ்வளவு தூரம் நடக்கும் என்று அவருக்கே தெரியாது. உள்ளுக்குள் குளிர்ந்து போயிருந்தார்.

படம் வெளியாவதற்கு முன்னால் மகன் லீவில் வீட்டுக்கு வந்தான். வெளியூரில் கம்ப்யூட்டர் வேலை. என்ன வேலை என்று கேட்டால், "சொல்லக் கூடாதும்மா, கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன்" என்பான். ஏதோ பேங்க் சமாச்சாரம் என்று இவர்கள் விட்டுவிட்டார்கள். வந்தவன் சரியாகச் சாப்பிடவில்லை, முகத்தில் களையில்லை. காலையில் சாப்பாட்டு மேஜையில் அப்பா சும்மா இருக்காமல், "உங்க அம்மா இப்போ பெரிய ஆளுடா. கரப்பான் மேட்டர் கேட்டியா?" என்று போனில் அந்தக் குரல் செய்தியைப் போட்டார். போட்டுவிட்டு அவரே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எட்டுப் பாகத்திலும் தூங்கிய மனிதர் அவர், கரப்பானை மட்டும் ரசித்தார்.

மகன் ரொட்டியைத் தட்டில் வைத்தான்.

"அதைப் பண்ணினது நான்தாம்மா."

"எதை?"

"பூமோவை. ரெண்டு வருஷமா அதுதான் என் வேலை. உன் குரலை எங்க ஆபீஸ்ல எல்லாரும் போட்டுப் போட்டுச் சிரிச்சாங்க. யாரோ ஒரு பொம்பளைன்னு. பின்னாடி உன் மெஷின் சத்தம் கேட்டுது பாரு, அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அந்தச் சத்தத்துல உக்காந்துதானே நான் வீட்டுப்பாடம் எழுதினேன்."

அப்பாவின் சிரிப்பு பாதியில் நின்றது. டாக்டரம்மா போனைப் பிடுங்கிக் கவிழ்த்து வைத்தார். "ஏன்டா சொல்லலை?" என்றார். சொல்லக் கூடாது என்று அவன் ஆயிரம் தடவை சொன்னது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

"இப்பவும், படம் வர்ற வரைக்கும், சொல்லியிருக்கக் கூடாது. படம் வந்த முதல் வாரம் ரசிகருங்க என்ன பேசறாங்கன்னு பாத்துட்டுத்தான், பத்தாவது பாகத்துக்கு எந்த டீமை வெச்சுக்கறது, எதை வீட்டுக்கு அனுப்பறதுன்னு முடிவு பண்ணுவாங்க. அதுலயும் உன் மன்றத்துத் தீர்ப்பைத்தான் முதல்ல பாப்பாங்க." தட்டை நகர்த்திவிட்டு, "என் வேலை உன் வாயிலதாம்மா இருக்கு" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. தண்ணீர் கேட்பவன் மாதிரி சாதாரணமாகச் சொன்னான்.

அன்று கிளினிக்கில் வாய் திறந்தவர்கள் எல்லாரும் நிம்மதியாகப் பல்வலியோடு மட்டும் போனார்கள். இடைவேளையில் டாக்டரம்மா மன்றத்துக்கு மெதுவாக ஒரு செய்தி விட்டார். "நண்பர்களே, அவசரப்பட வேண்டாம், படத்தைப் பாத்துட்டுப் பேசுவோம்." ஐயோ, தீப்பிடித்த மாதிரி ஆகிவிட்டது. பார்த்துவிட்டுப் பேசுவதாவது! தளபதி அப்படிச் சொல்லவே மாட்டார், யாரோ அவர் போனைத் திருடிவிட்டார்கள் என்று முடிவு கட்டினார்கள். மருந்துக்கடைக்காரர் பரீட்சையே வைத்தார். "நிஜமான தளபதின்னா சொல்லுங்க, மூணாவது பாகத்துல கேப்டனோட எந்தக் கை உடைஞ்சுது?" இவர் "இடது, ஆனா அடுத்த சீன்ல வலது கையில கட்டுப் போட்டிருப்பாங்க" என்று எழுதினார். அதற்குப் பிறகும் பாதிப் பேர் நம்பவில்லை. வளர்த்த கடா மார்பில் பாய்ந்தால் எப்படி இருக்கும் என்று அம்மாளுக்கு அன்றுதான் தெரிந்தது.

முதல் காட்சிக்கு மன்றத்தார் எல்லாரும் படத்தில் வரும் மாலுமிகள் மாதிரி சாம்பல் நிறக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார்கள். மருந்துக்கடைக்காரர் கையில் பூச்சி மருந்து டப்பா வேறு. பூமோ திரைக்கு வந்ததும் "கரப்பான்! கரப்பான்!" என்று கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்தல். வழக்கமாக முதல் விசில் தளபதியுடையது. இன்று கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மகன் திரையைப் பார்க்கவே இல்லை. கத்துகிறவர்களைத்தான் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தான். பெற்ற வயிறு, எப்படி இருந்திருக்கும் நீங்களே சொல்லுங்கள்.

பாதிப் படத்தில் ஒரு கட்டம். கப்பல் உடைந்து, சாப்பாடு தீர்ந்து, கேப்டன் தன்னிடம் இருந்த கடைசி உலர்ந்த ரொட்டியில் ஒரு விள்ளல் பிட்டுப் பூமோவுக்குக் கொடுக்கிறார். அது மெல்லுகிறது. அவ்வளவுதான் காட்சி. டாக்டரம்மா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். கீழ்த்தாடை மேலும் கீழுமாக இல்லை, பக்கவாட்டில் அரைத்தது. தழை தின்று வளர்ந்த பிராணி எப்படி அரைக்குமோ அப்படி. பின்பற்கள் தேய்ந்திருந்தன, தேய வேண்டிய பக்கத்தில் தேய்ந்திருந்தன. கீழ்வரிசையில் ஒரு முன்பல் மட்டும் கோணல்.

"அந்தப் பல் ஏன்டா கோணலா இருக்கு?" என்று கிசுகிசுத்தார்.

"பால் பல் விழறதுக்கு முன்னாடியே அடுத்தது முளைச்சிடுச்சும்மா. அது குட்டி, இன்னும் வளரலை. உன் கிளினிக்ல குழந்தைங்களுக்குப் பாத்திருக்கேன்ல."

நோயாளிகளின் வாயில் அவர் அச்செடுத்து வைத்த மாவுப் பல்வரிசைகளைப் பத்து வயதில் இவன் மேஜையில் அடுக்கிச் சண்டை விளையாடுவான். உடைக்காதே, போட்டுடைக்காதே என்று எத்தனை அதட்டல். அவன் விளையாடவில்லை, பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான். டாக்டரம்மாவுக்குப் பெருமையும் வெட்கமும் ஒன்றாக வந்தன. கோட்டுக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்குள் பூமோ எழுந்து நடந்தது. மேஜையைத் தரையில் இழுத்துக்கொண்டு போகிற மாதிரி நடை.

"கால் என்னடா இப்படி?"

"நாங்க முகமும் வாயும்தாம்மா, கால் நாங்க இல்ல. அது வேற டீம்."

"அதானே பாத்தேன்!" என்று அம்மாள் மூச்சு விட்டார்.

படம் முடிந்து எல்லாரும் படியில் கூடினார்கள். ஒரு முகத்திலும் ஒரு கருத்தும் இல்லை. நூறு போன்கள் மேலே உயர்ந்தன. டாக்டரம்மா மேல்படியில் ஏறினார். கோட்டை இழுத்து விட்டுக்கொண்டு பேசினார்.

"வாயைத் திறக்கச் சொல்லிப் பாக்காமலே பல்லைப் பிடுங்கற டாக்டரை நீங்க சும்மா விடுவீங்களா? நான் அதைத்தான் பண்ணியிருக்கேன். அரை நிமிஷம் பாத்துட்டு ஒருத்தனை வேலையை விட்டுத் தூக்கச் சொன்னேன். தப்பு. இந்த ஒன்பது பாகத்துல அந்த வாய் மாதிரி, அந்தப் பல் மாதிரி ஒண்ணு வந்ததே இல்லை. அதைப் பண்ணினது என் பையன். இதோ நிக்கறான்."

உயர்ந்த போன்கள் எல்லாம் மகன் பக்கம் திரும்பின. பிறகு மருந்துக்கடைக்காரர்தான் ஆரம்பித்தார். "காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு! பையன்ங்கறதாலதானே மேடம் இப்படிச் சொல்றீங்க?"

கூட்டம் சிரித்தது. டாக்டரம்மா அசரவில்லை. "ஆமாங்க. என் பையன்ங்கறதாலதான் கண்ணைத் திறந்து பாத்தேன். இல்லேன்னா நானும் உங்களோட சேர்ந்து கத்திட்டு வந்திருப்பேன்."

சரியான பதில். அங்கேயே இறங்கி வந்திருக்கலாம். அறிவுள்ளவர்கள் இறங்கியிருப்பார்கள். ஆனால் யாரோ பின்னாலிருந்து, "அப்போ குறையே இல்லையா தளபதி? ஒண்ணுகூடவா இல்லை?" என்று கேட்டான். தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். இவ்வளவு வருஷம் யாருக்கும் பயப்படாமல் தீர்ப்புச் சொன்னவர் இல்லையா, மகனுக்காக வளைந்துவிட்டார் என்று நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாதே! நடுநிலையைக் காட்ட வேண்டுமே!

"ஏன் இல்லை? காலு சகிக்கலை!" என்றார். "ஆறு காலும் ஆறு பக்கம் இழுக்குது. அதைப் பண்ணினவங்களை முதல்ல வீட்டுக்கு அனுப்பணும்!"

மகன் "அம்மா..." என்று கோட்டைப் பிடித்து இழுத்தான். யாருக்குக் கேட்டது? கூட்டம் கைதட்டி ஆர்ப்பரித்தது. இதுவல்லவா தளபதி! மருந்துக்கடைக்காரரே ஓடி வந்து கை குலுக்கினார். சற்று முன் கரப்பான் என்று கத்தியவர்கள் மகனைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள், பத்தாவது பாகத்தில் கேப்டன் சாவாரா என்று காதோடு கேட்டார்கள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் டாக்டரம்மா விடாமல் பேசினார். மகன் கார் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். களைப்பு என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம், கிளினிக்கில் ஒருவர் வாயைத் திறந்து கிடக்கும்போது மகனின் போன் வந்தது.

"முடிவு சொல்லிட்டாங்கம்மா. எங்க டீமை வெச்சுக்கிட்டாங்க."

"அப்பாடா!" டாக்டரம்மாவுக்கு அங்கேயே ஆட வேண்டும்போல இருந்தது. "நான் சொன்னேன்ல!"

"ஆமா, நீ சொன்னதைத்தான் மீட்டிங்ல போட்டுக் காட்டினாங்க. முழுசாப் போட்டாங்க. கால் டீமை அனுப்பிட்டாங்க."

டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார். "கால் பண்ணினது யாருடா?"

"என் பக்கத்து சீட்டு அக்கா. நான் வேலைக்குச் சேர்ந்தப்போ எல்லாம் கத்துக்குடுத்தவங்க. அவங்க முதல்ல பண்ணின நடை எவ்வளவு நல்லா இருந்துது தெரியுமா? கடைசி மாசத்துல டைரக்டர் வந்து, கப்பல் வாசல்ல இது நுழையலை, உடம்பைச் சின்னதாக்குன்னு சொல்லிட்டாரு. உடம்பு சுருங்கினா ஆறு காலையும் திரும்ப முதல்லேருந்து பண்ணணும். நேரம் குடுக்கலை."

"இதை ஏன்டா அன்னிக்கே என்கிட்ட சொல்லலை?"

"நீ எங்கம்மா கேட்டே? அதானே பாத்தேன்னு சொன்னே."

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். நாற்காலியில் கிடந்தவர் இன்னும் வாயை மூடவில்லை. டாக்டரம்மா அவரிடம் ஒரு நிமிஷம் என்று சைகை காட்டிவிட்டு வராந்தாவுக்கு வந்தார்.

"அவங்க நம்பர் குடு."

"என்ன பேசுவே?"

"தெரியலடா. நீ குடு முதல்ல."

மணி நெடுநேரம் அடித்தது. எடுத்தது அந்தப் பெண் இல்லை, வயதான ஒரு குரல். "பொண்ணு தூங்கறாம்மா. ராத்திரியெல்லாம் தூங்கலை, இப்பத்தான் கண் அசந்தா. எழுப்பணுமா? நீங்க யாரு பேசறது?"

டாக்டரம்மாவுக்குத் தளபதி என்று சொல்ல வாய் வரவில்லை. டாக்டர் என்றும் வரவில்லை.

"எழுப்பாதீங்கம்மா, தூங்கட்டும்," என்றார். "தியேட்டர் படியில நின்னு பேசினவ நான்தாங்க."