இரண்டு தடவை எண்ணிய தண்ணீர்

நீர்வளத் துறையின் கூட்ட அறையில், கடைசி வரிசையில் அக்கா உட்கார்ந்திருந்தாள். மடியில் தங்கையின் ஏழு மாதக் குழந்தை. "பிள்ளையப் பாத்துக்க ஆளில்லக்கா" என்று காலையில் தங்கை சொன்னதும் தையல் கடையைச் சாத்திவிட்டுக் கூடவே கிளம்பி வந்திருந்தாள்.

முன்னால் திரையருகே தங்கை நின்றாள். ஒரு பெரிய ஆற்றுப்படுகை முழுவதிலும் நிலத்தடி நீர் எப்படி நகர்கிறது என்று கணினியில் மாதிரி கட்டியவள் அவள். படுகையின் மேற்பகுதியில் புதிய ஆழ்துளைக் கிணறுகள் தோண்டத் தலைமைப் பொறியாளர் திட்டம் போட்டிருந்தார். ஆற்றில் இவ்வளவு, நிலத்தடியில் இவ்வளவு என்று தனித்தனியாகக் கணக்கு.

"ரெண்டும் ஒரே தண்ணிதான் சார்," என்றாள் தங்கை. "கோடையில ஆத்துல ஓடுறதே நிலத்துலேருந்து கசிஞ்சு வர்றதுதான். மேல உறிஞ்சினா கீழ ஆறு காஞ்சிடும். ஒரே தண்ணிய ரெண்டு தடவை எண்ணியிருக்கோம்."

"கம்ப்யூட்டர் சொல்றதுக்கெல்லாம் தலையாட்ட முடியுமாம்மா?" என்றார் பொறியாளர்.

இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்துதான் தங்கை வந்திருந்தாள். கடைசிச் சில வருடங்களின் கிணற்று நீர்மட்டத்தை மாதிரிக்குக் காட்டாமல் மறைத்துவைத்து, அதையே கணிக்க வைத்திருந்தாள். இப்போது கணிப்பின் மேல் உண்மையான அளவுகளைப் போட்டாள். கோடும் கோடும் ஒட்டிக்கொண்டு போயின.

"ஒரு இடத்துல மட்டும் தப்பு," என்று அவளே சுட்டிக்காட்டினாள். வடக்கு ஓரத்தில் கணிப்பு எங்கோ, அளவு எங்கோ. "இங்க அடியில என்ன பாறைன்னு எனக்குத் தெரியல. தெரிஞ்ச மாதிரி காட்டிக்க விரும்பல."

பொறியாளர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அங்க சோதனைக் குழி போடச் சொல்றேன். திட்டம் இப்போதைக்கு நிக்கட்டும். கீழ்ப்பகுதிய இன்னொரு தடவை காட்டுங்க மேடம்."

வீடு திரும்பும் பேருந்தில் அக்கா சொன்னாள்: "எனக்கு ஒரு மண்ணும் புரியலடி. ஆனா தெரியலன்னு சொன்ன பாரு, அப்பதான் எல்லாரும் நிமிந்து உக்காந்தாங்க."

உடனே அம்மாவுக்குப் போன் போட்டாள். பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் குரல்.

"நம்ம சின்னவ இருக்காளே, அந்த ஆத்துக்கே கணக்கு சொல்லிக் குடுத்துட்டாம்மா. பெரிய பெரிய ஆபீசரெல்லாம் எந்திரிச்சு நின்னாங்க."

யாரும் எழுந்து நிற்கவில்லை. திருத்த வாயெடுத்த தங்கை, அதை அப்படியே விட்டுவிட்டுக் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.