சம்பந்தியின் ஷூ வெந்த கதை

இத்ரிஸ் பனியை உதறிக்கொண்டு உள்ளே வந்த விதத்திலேயே ஹவ்வாவுக்குத் தெரிந்துவிட்டது, இந்த மனுஷன் பெண் கேட்க வரவில்லை, கேட்காமல் போகத்தான் வந்திருக்கிறார் என்று.

கருங்கடல் ஓரத்தில் மீன் மொத்த வியாபாரம் செய்கிறவர். மகன் யூனுஸுக்கு மலைமேல் ஊரில் பெண் எடுப்பதில் அவருக்கு இஷ்டமே இல்லை. "கடல் பக்கம் பொண்ணுங்களுக்குப் பஞ்சமா?" என்று ஒரு மாதமாக வீட்டில் குதித்தாராம். அவர் மனைவி சஃபியே ஹவ்வாவிடம் போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறாள். பூவும் சாக்லேட் பெட்டியுமாக இன்று அவரையும் யூனுஸையும் மலையேற்றிக் கூட்டி வந்ததும் அவள்தான்.

ஆனால் கூட்டி வந்தால் போதுமா? "அல்லாவின் கட்டளைப்படி, நபியின் வழிப்படி உங்கள் பெண்ணை எங்கள் பையனுக்குக் கேட்கிறோம்" என்று பையன் வீட்டுப் பெரியவர் வாயால் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் எழுந்து போனால் அது வெறும் டீ குடித்த கணக்கு. பெண்ணைப் பார்த்துவிட்டு வேண்டாமென்று போய்விட்டார்கள் என்று மறுநாளே ஊர் பேசும். ஹவ்வாவின் மகள் குலிசாரோ யூனுஸைத் தவிர வேறு யாரையும் கட்ட மாட்டேன் என்று இருக்கிறாள். பெற்றவள் சும்மா விடுவாளா?

"ஒரு டீ போதும் தங்கச்சி. பனி கொட்டுது, ரோடு மூடிடும். கிளம்பிடறோம்" என்றார் இத்ரிஸ், உட்காரும்போதே.

"ஒரு வாய் சாப்பிடாமப் போறதாவதுண்ணே! இதோ ரொட்டி சுடப்போறேன்" என்று ஹவ்வா கூஸினே அடுப்புப் பக்கம் ஓடினாள்.

வீட்டுக்கு அது ஒன்றுதான் சூடு, அது ஒன்றுதான் சமையல். கூடத்து நடுவில் கருப்பு இரும்பு அடுப்பு. ஒரு பக்கம் விறகு போடுகிற வாய், அதை ஒட்டி ரொட்டி சுடுகிற பெட்டி, மேலே அகலமான தட்டு. அதில் டீக் கெண்டி எந்நேரமும் முனகிக்கொண்டே இருக்கும். ஹவ்வா இரண்டு கை ஹேசல் கொட்டை ஓட்டை அள்ளி உள்ளே வீசினாள். குப்பென்று பிடித்தது. மேலே இரண்டு காய்ந்த விறகுக் கட்டைகளைச் செருகினாள். ரொட்டிப் பெட்டியின் கதவு ஒருக்களித்திருந்தது. வழக்கம்போல முழங்காலால் ஓர் இடி இடித்து மூடிவிட்டு, சோளமாவைப் பிசைய உட்கார்ந்தாள்.

அந்தக் கதவு ஏன் ஒருக்களித்திருந்தது என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம்.

கொஞ்ச நேரத்தில் இத்ரிஸ் மூக்கை உறிஞ்சினார். "என்ன தங்கச்சி, ஆட்டுத் தலை வாட்டறீங்களா?"

"இல்லியேண்ணே. நான் இன்னும் ரொட்டியே உள்ள வெக்கல."

டீத் தட்டோடு வந்த குலிசார் அப்படியே நின்றாள். "அம்மா! ஷூ!"

விருந்தாளியின் ஈர ஷூவைக் காயவைப்பது வீட்டுப் பெண்ணின் மரியாதை. அடுப்படியில் அப்பாவின் பூட்ஸ் இடத்தை அடைத்துக்கொண்டிருந்ததால், சூடு தணிந்திருந்த ரொட்டிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறாள். எல்லா வீட்டிலும் வைப்பதுதான். அம்மாவிடம் சொல்ல வாயெடுத்த நேரம் பார்த்து யூனுஸ் அவளைப் பார்த்துச் சிரித்துத் தொலைத்திருக்கிறான்.

ஹவ்வா கதவைத் திறந்தாள். புகை குபுகுபுவென்று வந்தது. இடுக்கியால் வெளியே இழுத்தாள். பளபளவென்று வந்த கருப்பு ஷூ சுருங்கி, மூக்கு மேலே வளைந்து, அடித்தோல் நாக்கு மாதிரித் தொங்கியது.

குலிசாரின் அப்பா ஹிசர் வாயே திறக்காத மனுஷன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார்: "இன்னும் கொஞ்சம் வேகணும் போலிருக்கே."

சஃபியே வெடித்துச் சிரித்தாள். சோபாவில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். இத்ரிஸின் முகம் கூஸினேயின் வயிறு மாதிரிச் சிவந்தது.

"என்னடி சிரிப்பு? நான் எதைப் போட்டுட்டுப் போவேன்?"

ஹிசரின் பூட்ஸைக் கொண்டுவந்து பார்த்தார்கள். இத்ரிஸின் காலில் பாதிகூட உள்ளே போகவில்லை.

"நான் கீழ போயி வேற ஷூ எடுத்துட்டு வரேன்ப்பா" என்று யூனுஸ் எழுந்தான்.

"நீ உக்காருடா!" என்றாள் சஃபியே. "அவரு எங்கயும் போகல."

"அண்ணே, சாக்ஸும் சொட்டச் சொட்ட இருக்கே. கழட்டுங்க முதல்ல" என்று ஹவ்வா உள்ளே ஓடித் துணிப் பெட்டியைத் திறந்து, சிவப்பும் கருப்புமாகப் பூப்போட்ட கனத்த கம்பளிக் காலுறையோடு வந்தாள். இத்ரிஸ் முணுமுணுத்துக்கொண்டே போட்டுக்கொண்டார். கச்சிதமாக இருந்தது.

ரொட்டிப் பெட்டியில் தோல் நாற்றம். இனி சமையல் முழுக்க மேல்தட்டில்தான். ஹவ்வா சளைக்கவில்லை. பிசைந்த சோளமாவை இரும்புச் சட்டியில் தட்டி மூடி, மூடியின்மேல் தணலை அள்ளிப் போட்டாள். இன்னொரு சட்டியில் மாவில் புரட்டிய நெத்திலியைத் தலை நடுவிலும் வால் ஓரத்திலுமாகப் பூ மாதிரி அடுக்கி, நெருப்புக்கு நேர் மேலே வைத்தாள்.

மீன்காரர் கண் அங்கேதான் இருந்தது. "தங்கச்சி, திருப்புங்க. கருகிடும்."

"கருகாதுண்ணே. என் அடுப்பு எனக்குத் தெரியும்."

"என் மீனு எனக்குத் தெரியும். தள்ளுங்க!"

வந்து நின்றே விட்டார். சட்டியைக் கொஞ்சம் ஓரத்துக்கு இழுத்தார். மூடியைக் கவிழ்த்து ஒரே சுழற்றல். மொத்த நெத்திலியும் ஒற்றை அடையாகத் திரும்பி விழுந்தது, ஒரு மீன்கூட இடம் மாறவில்லை. குலிசார் கைதட்டினாள். இத்ரிஸின் மீசை தன்னையறியாமல் விரிந்தது. அப்புறம் அவரை அடுப்பிலிருந்து பிரிக்க முடியவில்லை. விறகு தள்ளுவதும் அவரே, ரொட்டியைத் தட்டிப் பார்ப்பதும் அவரே.

கடைசியாக ஹவ்வா வெண்ணெயை உருக்கி, சோளமாவை வறுத்து, பாலாடைக்கட்டியைப் போட்டுக் கிண்டினாள். சட்டியைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்தார்கள். ரொட்டியால் அள்ளினால் பாலாடைக்கட்டி நூலாக இழுத்துக்கொண்டு வந்தது. இத்ரிஸ் கையைத் தலைக்கு மேலே தூக்கியும் அறுபடவில்லை.

சாப்பிட்டு முடித்து ஏப்பம் விட்டார். "சரி. யார்கிட்டயாவது ரப்பர் பூட்ஸ் கேளுங்க. ரோடு..."

ஹவ்வாவின் கை கரண்டியோடு நின்றது. குலிசார் தரையைப் பார்த்தாள்.

"என்னங்க, கால்ல என்னது?" என்றாள் சஃபியே.

"சாக்ஸ். கண்ணு தெரியலையா?"

"யாரு பின்னினது?"

"நான்தான் அத்தை" என்றாள் குலிசார். "கல்யாணப் பெட்டிக்கு..."

சஃபியே இடுப்பில் கை வைத்தாள். "மருமக பின்னின சாக்ஸை மாமனாரு எப்பங்க போடுவாரு? பேச்சு முடிஞ்ச அன்னிக்கு! நீங்க போட்டு, உக்காந்து, மீனும் தின்னாச்சு. இனிமே கேக்காமப் போனா அதுக்குப் பேரு திருட்டு!"

இத்ரிஸ் காலைப் பார்த்தார். ஹவ்வாவைப் பார்த்தார். "தங்கச்சி, தெரிஞ்சேதான் குடுத்தீங்களா?"

"ஐயோ, இருட்டுல கைக்கு எட்டினதை எடுத்தேண்ணே!"

பெட்டியில் ஹிசரின் பழைய சாம்பல் நிறக் காலுறை ஒன்றும் இருந்தது. ஹவ்வாவின் கை முதலில் பட்டது அதன்மேல்தான். அதை யாரிடமும் சொல்ல வேண்டிய அவசியம் அவளுக்குத் தோன்றவில்லை.

"அது சரி, என் கால் அளவு இந்தப் பொண்ணுக்கு எப்படித் தெரியும்?"

யூனுஸின் காது சிவந்தது. "உங்க பழைய சாக்ஸ் ஒண்ணை அளவுக்குக் கொண்டுவந்து குடுத்தேன்ப்பா."

"அடப்பாவி! ஒத்தை சாக்ஸைக் காணோம்னு நான் பூனையை வீட்டை விட்டே விரட்டினேனேடா!"

சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோள் குலுங்க, கண்ணில் நீர் வர, அடுப்புத் தட்டே அதிரச் சிரித்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். சட்டைப் பொத்தானைப் போட்டு, நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அல்லாவின் கட்டளைப்படி, நபியின் வழிப்படி, உங்க பொண்ணு குலிசாரை எங்க பையன் யூனுஸுக்குக் கேக்கறோம்."

பெண்ணின் அப்பா உடனே சரி என்று சொல்லிவிடக் கூடாது. கொஞ்சம் பிகு பண்ண வேண்டும், யோசித்துச் சொல்கிறேன் என்று இழுக்க வேண்டும். ஹவ்வா நேற்றிரவு ஹிசருக்கு அதைப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். ஆனால் அந்த நேரம் ஹிசரின் வாய் நிறைய ரொட்டி. பாலாடைக்கட்டி நூல் ஒன்று மீசையிலிருந்து சட்டிவரை தொங்கியது. எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அவர் அவசரமாக ஒரு விழுங்கு விழுங்கினார்.

"குடுத்தாச்சு, போ!"