மேல் உதடு

கல்யாணமாகி இந்த மில் ஊருக்கு வந்த புதிதில், இங்கே இருப்பவர்கள் எல்லோருக்கும் என்மேல் ஏதோ கோபம் என்று நினைத்தேன். யாரைப் பார்த்தாலும் மேல் உதடு லேசாக உப்பி, முகம் உம்மென்று இருக்கும். பேசினால் வாயைச் சரியாகத் திறக்க மாட்டார்கள். சிரித்தால் பல் தெரியாது. அதிலும் என் கணவரின் அக்கா, பெண் பார்க்க வந்த நாளிலேயே உதட்டைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். நான் துறைமுகத்துப் பெண். எங்கள் பக்கத்தில் கோபம் வந்தால் வாசலில் நின்று கத்துவோம், அரை மணியில் ஆறிவிடும். இப்படி வாயை மூடிக்கொண்டு மாதக்கணக்கில் கோபப்படும் ஜனங்களை நான் கண்டதில்லை.

ஆறு மாதம் பொறுத்துவிட்டுக் கணவரிடம் கேட்டேன். "உங்க அக்காவுக்கு என்னைப் பிடிக்கலையா?"

"அது அவங்க முகம். எங்க ஊர்ல எல்லாரும் அப்படித்தான்" என்றார். அதற்கு மேல் அவரிடம் எதையும் கறக்க முடியாது என்று எனக்கு அப்போதே தெரிந்திருந்தது.

நான் நர்ஸ். மில்லிலேயே வேலை கிடைத்தது. நெசவுக் கூடத்துக்கும் பஞ்சு குடோனுக்கும் நடுவில் ஒரு சின்ன அறை, ஒரு கட்டில், ஒரு அலமாரி, எந்நேரமும் பஞ்சு படியும் ஒரு மேஜை. விரலில் ஊசி ஏறினால், தலை சுற்றினால், மேஸ்திரியிடம் திட்டு வாங்கி அழுகை வந்தால், எல்லாவற்றுக்கும் என்னிடம்தான் வருவார்கள். அண்ணி என்று நான் கூப்பிடும் அந்த அக்காவும் அங்கேதான் தறி ஓட்டினாள், இருபத்தொன்பது வருஷமாக. மாமனார் இறந்தபோது என் கணவருக்கு ஒன்பது வயது. பதினேழு வயதில் மில்லுக்குள் நுழைந்து தம்பியைப் படிக்க வைத்தவள் அவள். அந்தக் கதையை அவள் ஒருநாளும் சொன்னதில்லை, ஊர்தான் எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது. சொல்லச் சொல்ல எனக்கு அவள்மேல் எரிச்சல்தான் கூடியது. இவ்வளவு நல்லவளோடு எப்படிச் சண்டை போடுவது?

வருஷத்துக்கு ஒரு தடவை சுகாதார அலுவலகத்திலிருந்து ஒரு ஃபாரம் வரும். மாநிலம் முழுவதற்கும் ஒரே ஃபாரம். புகை பிடிக்கும் பழக்கம் உண்டா என்று ஒரு கேள்வி, கீழே வாய்ப் பரிசோதனைக்கு ஒரு கட்டம். நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன். கன்னத்தை ஒதுக்கி, நாக்கைத் தூக்கி, கீழ் ஈறு முழுக்க டார்ச் அடிப்பேன். எங்கள் துறைமுகத்தில் ஆண்கள் எல்லாம் சிகரெட். புகையிலை மெல்லுகிற கொஞ்சப் பேரும் கீழ்க் கன்னத்தில் அடக்கிக்கொண்டு கடலைப் பார்த்துத் துப்புவார்கள். பயிற்சி எடுத்ததும் அங்கேதான், ஆகவே எங்கே பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அல்லது தெரியும் என்று நினைத்தேன்.

மூன்று வருஷம் தொடர்ந்து எழுதினேன். புகைப் பழக்கம், இல்லை. வாயில் மாற்றம், இல்லை. நானூறு பேர் வேலை செய்யும் மில்லில் ஒருவருக்கும் இல்லை. அலுவலகத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. இந்த மில்லில் எண்ணிக்கை பூஜ்யம் என்பதால், வாய் பார்க்கும் டாக்டரின் வண்டி இங்கே வரத் தேவையில்லை, துறைமுகப் பக்கமே போகட்டும் என்றும் அதில் எழுதியிருந்தது. நான் அந்தக் கடிதத்துக்குக் கண்ணாடி போட்டு அறையில் மாட்டினேன். இப்போது நினைத்தால் கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது, பக்தியால் அல்ல.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நூல் வண்டியின் கைப்பிடி துள்ளி அண்ணியின் வாயில் அடித்துவிட்டது. துணியால் அழுத்திக்கொண்டு அவளே நடந்து வந்தாள். பின்னாலேயே பக்கத்துத் தறிக்காரியும் வந்தாள். அவளை எல்லோரும் சைரன் என்பார்கள். நூறு தறி ஓடும் சத்தத்திலும் அவள் குரல் மட்டும் கேட்கும்.

"தையல் போடணுமா பாரு. அவளுக்கு வலிக்காது, எங்களுக்குத்தான் பயமா இருக்கு" என்றாள் சைரன்.

காயம் மேல் உதட்டின் உள்பக்கம். கையுறை மாட்டி, உதட்டைத் தூக்கினேன். ரத்தத்தோடு ஈரமான பழுப்பு நிறத் தூள் என் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது.

"அண்ணி, இது என்ன?"

"தூள்."

"என்ன தூள்?"

"புகையிலைத் தூள்தான். ஏன், நீ பார்த்ததே இல்லையா?"

"வருஷா வருஷம் கேட்டேனே. இல்லைன்னுதானே சொன்னீங்க."

"நீ புகை பிடிப்பீங்களான்னு கேட்ட. பஞ்சு குடோன் பக்கத்துல எவளாவது புகை பிடிப்பாளா? தீக்குச்சி வெச்சிருந்தாலே கேட்டுக்கு வெளியே நிறுத்திடுவாங்க."

"அதுக்காக உதட்டுக்குள்ளயா?"

"வேற எங்க வைக்கிறது? கன்னத்துல வெச்சா எச்சில் ஊறும். துப்பினா துணியில கறை படும். மேல வெச்சா ஊறாது, ஷிப்ட் முடியற வரைக்கும் அப்படியே இருக்கும்." பாடம் கேட்காத பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னாள்.

"யார் யாரு போடறாங்க?"

"யாரு போடலைன்னு கேளு. சீக்கிரம் முடிஞ்சிடும்" என்றாள் சைரன். அவள் இடுப்பிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்துக் காட்டினாள். இரண்டு தறிக்கும் பொதுவான டப்பாவாம். அண்ணி மில்லில் சேர்ந்த முதல் வாரம், தூக்கம் வராமல் இருக்க முதல் சிட்டிகையைக் கொடுத்ததே தான்தான் என்று பெருமையாகச் சொன்னாள்.

அப்போதுதான் எனக்கு ஊர் முகம் புரிந்தது. ஆனால் சிரிக்க முடியவில்லை. தூளைத் துடைத்த இடத்தில், ஈறுக்கு மேலே, கட்டை விரல் நகம் அளவுக்கு ஒரு வெள்ளைத் திட்டு இருந்தது. வெகுநேரம் தண்ணீரில் ஊறிய விரல் நுனி போலச் சுருங்கிக் கிடந்தது. துடைத்தால் போகவில்லை. இன்னொரு தடவை துடைத்தேன். அது புற்றாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், நாளைக்கு அப்படி ஆகலாம். அதில் ஒரு துண்டு எடுத்துப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. மூன்று வருஷமாக இந்த வாயைத் திறக்கச் சொல்லி, இந்தத் திட்டுக்கு இரண்டு அங்குலம் கீழே டார்ச் அடித்துவிட்டு, இல்லை என்று எழுதியவள் நான்.

சைரனை அனுப்பிவிட்டு விஷயத்தைச் சொன்னேன். துறைமுக ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னேன். அண்ணி கண்ணாடியைக்கூடக் கேட்கவில்லை.

"வலிக்கல. வலிக்காததுக்கு எதுக்கு ஆஸ்பத்திரி?"

"வலிக்கிற வரைக்கும் காத்திருக்கக் கூடாது அண்ணி."

"பார்க்கலாம்" என்று எழுந்து போய்விட்டாள். அவள் அகராதியில் பார்க்கலாம் என்றால் முடியாது என்று அர்த்தம்.

ஒரு வாரம் கெஞ்சினேன். படம் காட்டினேன். பயமுறுத்தினேன். என் கணவரைத் தூது அனுப்பினேன், அவர் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தார். எட்டாம் நாள் ஷிப்ட் முடிந்து அவள் கை கழுவிக்கொண்டிருக்கும் இடத்துக்கே போனேன். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

"நான் தப்புப் பண்ணிட்டேன் அண்ணி. பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்காம மூணு வருஷம் கையெழுத்துப் போட்டிருக்கேன். உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா என்னால தாங்க முடியாது. நம்ம வீட்டுல நான் யார் முகத்துல முழிப்பேன்?"

அவள் குழாயை மூடினாள். "அப்போ எனக்காகக் கூப்பிடல. உனக்காகக் கூப்பிடறே."

"ஆமா. எனக்காகத்தான்."

"அதை முதல்லயே சொல்லியிருந்தா வந்திருப்பேன்ல" என்றாள். "வெள்ளிக்கிழமை லீவு போடறேன்."

இரண்டு மணி நேர பஸ். அண்ணி என் ஊரைப் பார்ப்பது கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. ஆஸ்பத்திரி வாசலில் பத்துப் பேர் புகை விட்டுக்கொண்டு நின்றார்கள். "வெட்கமே இல்லாம நடுத்தெருவுல" என்று மூக்கைப் பொத்திக்கொண்டாள். அவள் உதட்டுக்குள் அப்போதும் ஒரு சிட்டிகை இருந்தது என்பதைச் சொல்லிக்காட்ட எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன்.

உள்ளே இளம் டாக்டர் ஒருத்தி. சுறுசுறுப்பான பெண். கன்னத்தை ஒதுக்கினாள், நாக்கைத் தூக்கினாள், கீழ் ஈறு முழுக்க விளக்கடித்தாள். "சுத்தமா இருக்கும்மா. ஒண்ணும் இல்ல."

அண்ணி நிம்மதியாக எழுந்தே விட்டாள். நான் அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"டாக்டர், மேல் உதட்டைத் தூக்கிப் பாருங்க."

"மேலயா? அங்க யாரு வைப்பாங்க?"

"எங்க ஊர்ல அங்கதான் வைப்போம்" என்றேன். எங்க ஊர் என்று என் வாயால் வந்ததை அண்ணி கவனித்தாள். திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

டாக்டர் உதட்டைத் தூக்கினாள். விளக்கை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள். மரத்துப்போக ஊசி போட்டு, அரிசி அளவு துண்டு ஒன்றை எடுத்துச் சின்னச் சீசாவில் போட்டாள். முடிவு வர பத்து நாள் ஆகும் என்றாள். "இத்தனை வருஷமா நாங்க கீழ பார்த்தே பழகிட்டோம். உங்க பக்கத்துல எத்தனை பேருக்கு இப்படி இருக்கும்?" என்று என்னிடம் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அதுதான் உண்மையான பதில், அதைத்தான் சொன்னேன்.

அந்தப் பத்து நாளும் அண்ணி தூளைத் தொடவில்லை. நல்லவள் கெட்டவளானதை அப்போது பார்த்தேன். மேஸ்திரியிடம் எரிந்து விழுந்தாள். தம்பியைத் திட்டினாள். நான் கொடுத்த டீயில் சர்க்கரை இல்லை என்று வாசலில் நின்று கத்தினாள், அசல் துறைமுகக் கத்தல். நானும் பதிலுக்குக் கத்தினேன். அரை மணியில் இருவரும் ஆறிவிட்டோம். சைரன் டப்பாவை நீட்டும்போதெல்லாம் ஒரு நூல் துண்டை வாயில் போட்டு மென்றாள். சைரன் கோபித்துக்கொண்டு டப்பாவைத் தன் இடுப்பிலேயே செருகிக்கொண்டாள்.

நான் சும்மா இருக்கவில்லை. எல்லோர் வாயையும் மறுபடி பார்க்க வேண்டும் என்று மானேஜரிடம் போய் நின்றேன்.

"மூணு வருஷமா பூஜ்யம். இப்ப என்னம்மா திடீர்னு?"

"தப்பான இடத்துல பார்த்தேன் சார். தப்பான கேள்வியும் கேட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தன் மேல் உதட்டை நாக்கால் ஒருமுறை தடவிக்கொண்டார். வேறு எதுவும் கேட்காமல் அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். சுகாதார அலுவலகத்துக்கும் என் தப்பை அப்படியே எழுதினேன், என் பெயரைப் போட்டு. டாக்டர் வண்டியை அடுத்த மாதம் அனுப்புவதாகப் பதில் வந்தது. பாராட்டு எதுவும் இல்லை.

பதினோராம் நாள் ஃபோன் வந்தது. புற்று இல்லை. இன்னும் சில வருஷம் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது, ஆனால் இன்று இல்லை. தூளை அடியோடு விட்டால் திட்டு சுருங்கக்கூடும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும். நான் தறிக் கூடத்துக்கு ஓடினேன். சத்தத்தில் எதைச் சொன்னாலும் கேட்காது. அண்ணிக்கு முன்னால் நின்று இரண்டு கையையும் விரித்து, இல்லை இல்லை என்று ஆட்டினேன். அவள் ஒரு நொடி விழித்தாள். பிறகு தறியை நிறுத்திவிட்டு, பஞ்சு படிந்த கையோடு என்னைக் கட்டிக்கொண்டாள். பிடியைத் தளர்த்தவே இல்லை. பத்து நாளும் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறாள். எனக்குத் தெரியாமல் போயிற்று.

ஷிப்ட் மாறும் நேரத்தில் நாற்பது பெண்கள் என் அறை வாசலில் நின்றார்கள். அண்ணிதான் கூப்பிட்டிருந்தாள். நான் பேசத் தயாராகத் தொண்டையைச் செருமினேன். அதற்குள் அவள் என் முக்காலியில் உட்கார்ந்து, டார்ச்சை வாங்கி முன்வரிசைப் பெண்ணிடம் கொடுத்து, தன் மேல் உதட்டைத் தானே தூக்கிக் காட்டினாள். ஒவ்வொருத்தியாக வந்து குனிந்து பார்த்தார்கள்.

"பார்த்தாச்சா? இப்ப வரிசையா உட்காருங்க. இவ கை பட்டா வலிக்காது" என்றாள் அண்ணி.

முதல் பதினைந்து பேரில் நான்கு பேருக்கு வெள்ளைத் திட்டு. பெயர்களை எழுதிக்கொண்டே போனேன். சைரன் வரிசையில் சேரவில்லை. கதவோரமாக நின்று, தனக்கு நேரமாகிறது, வீட்டில் வேலை கிடக்கிறது, தன் வாய்க்கு எந்த நோயும் பயந்து ஓடும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அண்ணி போய் அவள் கையைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைத்தாள்.

உதட்டைத் தூக்கினேன். அவள் திட்டு வெள்ளையாக இல்லை. சிவப்பு. பட்டாணி அளவுதான், ஆனால் சிவப்பு. வெள்ளையைவிடச் சிவப்பு ஆபத்து, அதை ஒரு மாதம் தள்ளிப்போடக் கூடாது என்று எனக்குத் தெரியும். என் முகத்தைப் பார்த்தே அண்ணிக்குப் புரிந்துவிட்டது.

"சின்னதுதான். சீக்கிரம் பார்த்துட்டோம். ஆனா வண்டி வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம்" என்றேன்.

சைரனுக்கு முதல் தடவையாகக் குரல் எழும்பவில்லை. "நான்தானே உனக்கும் கொடுத்தேன்" என்று அண்ணியைப் பார்த்து முணுமுணுத்தாள். "எந்த முகத்தை வெச்சிக்கிட்டு உன்னைக் கூட வரச் சொல்லுவேன்?"

அண்ணி அவள் இடுப்பிலிருந்த டப்பாவை எடுத்து என் மேஜைமேல் வைத்தாள்.

"நீ எதுக்குச் சொல்லணும்? காலையில ஆறரைக்கு பஸ்" என்றாள். "ஊசி குத்தும்போது கொஞ்சம் வலிக்கும். நான் கையைப் பிடிச்சிக்கறேன்."