கணவாயில் கொதித்த வண்டி

சவுரியப்பன் ஓட்டிய பஸ் தொப்பூர்க் கணவாயை ஒருநாளும் ஒரே மூச்சில் ஏறியதில்லை. உலகச் சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் போனதும், முதலாளி ராஜாமணி அந்தக் கிழட்டு வண்டியின் முதுகில் ஒரு கரி அடுப்பைக் கட்டிவிட்டார். கரிப்புகையில் ஓடும் எஞ்சினுக்கு மேடு என்றாலே உயிர் போய் உயிர் வரும். பாதி மலையில் ரேடியேட்டர் கொதித்து ஆவி கக்கும். ஜனங்கள் இறங்கி நிழல் தேடுவார்கள். ஒரு மணி நேரம் ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றித்தான் மறுபடி கிளப்ப வேண்டும்.

பங்குனி மாதம் அப்படி நின்ற ஒரு மத்தியானத்தில்தான் வண்டியில் வந்த பெரியம்மாள் என்கிற பெண் செத்துப்போனாள். தலைப்பிரசவம். மருத்துவச்சி கையை விரித்துவிட்டு, தருமபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லியிருந்தாள். பின் சீட்டில் புருஷன் நஞ்சப்பனின் மடியில் கிடந்தவள் முதலில் கத்தினாள், பிறகு முனகினாள், பிறகு அதுவும் இல்லை.

"வண்டிய எடுங்கண்ணா, எடுங்கண்ணா" என்று நஞ்சப்பன் கெஞ்சிக்கொண்டே இருந்தான்.

"இப்ப எடுத்தா எஞ்சின் புடிச்சிக்கும்பா. அப்பறம் நகரவே நகராது."

சவுரியப்பன் சொன்னது உண்மைதான். உண்மையாக இருந்து என்ன புண்ணியம்?

அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. சேலத்துப் பழைய இரும்புக் கடையில், நொறுங்கிய லாரி ஒன்றின் ரேடியேட்டர் நெடுநாளாகக் கிடந்தது. வீட்டிலிருந்த தாமிர அண்டாவைக் கொடுத்து அதை வாங்கி வந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயில் பூசைக்குப் போகாமல் ஓட்டைகளை ஈயம் வைத்து அடைத்தான். ரப்பர் குழாய்க்குப் பஞ்சம்; சைக்கிள் டியூபைத் துணி சுற்றிக் கட்டினான். எஞ்சினின் கொதிநீர் முதலில் இந்த இரண்டாவது ரேடியேட்டருக்குள் இறங்கி, பாதிச் சூட்டைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டுப் பழையதற்குப் போகும்படி, காற்றுப் படும் இடமாகப் பார்த்துப் பொருத்தினான்.

புரட்டாசியில் ஒரு நாள் வண்டி நிற்காமல் கணவாய் ஏறியது. உச்சியில் இறங்கி ரேடியேட்டர் மூடிமேல் கை வைத்துப் பார்த்தான். கை பொறுக்கும் சூடுதான். கண்டக்டர் மாது சிரித்தான். சவுரியப்பன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான்.

சேதியைச் சொல்ல நஞ்சப்பனின் கொல்லைக்குப் போனான். நஞ்சப்பன் களை வெட்டுவதை நிறுத்திவிட்டு, எல்லாவற்றையும் கேட்டான்.

"அந்த ரேடியேட்டரு எங்கீங்க கெடந்துச்சு?"

"சேலத்துல. பழைய இரும்புக் கடையில."

"பங்குனியிலயும் அங்கதான் கெடந்துச்சுங்களா?"

"கெடந்துச்சுப்பா" என்றான் சவுரியப்பன்.

நஞ்சப்பன் தலையை ஆட்டினான். கோபம் எதுவும் இல்லை. குனிந்து மறுபடி களையை வெட்டத் தொடங்கினான்.

ஐப்பசியில் ராஜாமணி வண்டியின் தலையில் கடலைக்காய் மூட்டைகளை ஏற்றச் சொன்னார். உள்ளேயும் நிற்க இடமில்லாமல் ஆட்கள்.

"வேண்டாங்க மொதலாளி. பாரம் ஏத்தறதுக்கா அத மாட்டுனேன்?"

"அதான் இப்ப கொதிக்கறதில்லையே, அப்பறம் என்னப்பா? ஓட்ட முடியலன்னா சொல்லு, வேற ஆளப் பாத்துக்கறேன்."

சவுரியப்பன் ஓட்டினான். பாதி மலையில் இரண்டு ரேடியேட்டரும் சேர்ந்து கொதித்தன. சைக்கிள் டியூப் பிய்ந்து வெந்நீர் ரோட்டில் ஓடியது. ஜனங்கள் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள். காய்ச்சலில் துவண்ட பிள்ளையைத் தோளில் சாத்தியிருந்த ஒருத்தி அவனிடம் வந்தாள்.

"எத்தன நேரமாகுங்க?"

தகரக் குவளையை எடுத்துக்கொண்டு அவன் ஓடைப்பக்கம் இறங்கினான். அந்த வருஷம் மழை பொய்த்து ஓடை காய்ந்து கிடந்தது. வெகுநேரம் அங்கேயே, கற்களைப் பார்த்தபடி நின்றான்.

மறுவாரமும் மூட்டைகள் ஏறின. அவனும் ஓட்டினான். வண்டி ஓட்டுவதைத் தவிர அவனுக்கு வேறு தொழில் தெரியாது.