வாரத்துக்கு ஒரு சாண்

பம்புக்காரர் கடைசியாகச் செய்த சாதாரணக் காரியம், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வரிப் படிவத்தின் ஏழாவது கேள்விக்கு எதிரே ஒரு டிக் போட்டது. மறுநாள் காலை பம்பு அறை முக்காலியில் உட்கார்ந்தபடியே அவர் இறந்துபோனார். எட்டாம் நாள் அவர் குடியிருந்த வீடு ஒரு சாண் நீண்டிருந்தது. பம்பு அறை இருக்கும் திசையில், பின்வாசலுக்கு வெளியே, ஓர் ஆள் நடக்கும் அகலத்தில் இரண்டு சுவரும் ஒரு கூரையும் முளைத்திருந்தன. புதுச் சுவரில் பழைய வெள்ளையே அடித்திருந்தது. தரையிலும் அதே சாம்பல் பூச்சு. துக்கத்துக்கு வந்து போகிறவர்கள் செருப்பை அங்கே விட ஆரம்பித்தார்கள். அடுத்த வாரம் இன்னொரு சாண் நீண்டபோதுதான் அண்ணி அதைக் கவனித்தார். பம்புக்காரர் எனக்கு அண்ணன்.

வீடு குடிநீர்க் கம்பெனிக்குச் சொந்தம். வாடகை கிடையாது. ஆனால் வாடகை இல்லாமல் ஒரு வீட்டில் இருப்பதும் ஒரு வரும்படிதான் என்பது வரி அலுவலகத்தின் கட்சி. அதே வீட்டை வெளியே எடுத்தால் என்ன வாடகை ஆகுமோ, அதைச் சம்பளத்தோடு சேர்த்து மொத்தத்துக்கும் வரி பிடிப்பார்கள். கண்ணால் பார்க்காத பணத்துக்குக் கையிலிருக்கும் பணத்தில் வரி. இதற்கு விலக்கும் உண்டு. வீடு வேலை நடக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும், வேலைக்காகவே கொடுக்கப்பட்டிருக்க வேண்டும், அங்கே குடியிருப்பது கட்டாயமாகவும் இருக்க வேண்டும். ஏழாவது கேள்வி அந்த மூன்றாவதைப் பற்றியது: இவ்வீட்டில் குடியிருப்பது கட்டாயமா, விருப்பமா? மற்ற பம்பு நிலையங்களில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு கட்டாயம் என்று டிக் போட்டார்கள். அவர்கள் வீட்டை யாரும் அளக்கப் போகவில்லை. பம்புக்காரர் பத்தொன்பது வருடமும் விருப்பம் என்றே போட்டார். வருடா வருடம் அண்ணி தலையில் அடித்துக்கொள்வார்.

“ஒரு டிக்கு. இடம் மாத்திப் போட்டா மாசம் ஒரு மூட்டை அரிசிக் காசு மிச்சம்.”

“உன்னோட குடியிருக்கிறதைக் கட்டாயம்னு எழுதச் சொல்றியா? படிக்கிறவன் என்ன நினைப்பான்?”

“படிக்கிறவன் குமாஸ்தா. அவனுக்கு என்ன தெரியும், என்னைப் பத்தி?”

“அதான். தெரியாதவன்கிட்டப் போய் உன்னைப் பத்தித் தப்பா சொல்லலாமா?”

அவர் போன பிறகு கம்பெனி பம்பு வேலையை அண்ணிக்கே கொடுத்தது. தர்மத்துக்கு இல்லை. பம்புக்காரர் காய்ச்சலில் படுத்த நாட்களிலெல்லாம் மோட்டாரைப் போட்டவர் அண்ணிதான் என்பதும், அந்த நாட்களில் மேல்தொட்டி ஒருமுறைகூட வழிந்ததில்லை என்பதும் மேலதிகாரிக்குத் தெரியும். ஆனால் அண்ணிக்கு முதல் வருடச் சம்பளம். பத்தொன்பது வருடச் சம்பளம் தாங்கிய பிடித்தத்தை அது தாங்கவில்லை. நான் நூலகத்தில் புத்தகங்களுக்கு எண் ஒட்டும் வேலையில் இருந்தேன். என் சம்பளம் பம்புக்காரரின் சைக்கிளுக்கு டயர் மாற்றக் காணும். அந்த சைக்கிளையும் இரண்டாம் மாதம் விற்றோம். வருடக் கடைசிக்குள் வழி பிறக்காவிட்டால் வீட்டைக் காலி செய்துகொண்டு, வேலையையும் விட்டு, தன் தம்பி வீட்டுக்குப் போய்விடுவதாக அண்ணி கம்பெனிக்கு எழுதிக் கொடுத்திருந்தார். எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, பம்புக்காரர் சட்டை மாட்டும் ஆணிக்குக் கீழே சுவரில் சாய்ந்து நின்றார். நான் அடுப்படியில் பாத்திரங்களைத் தேவைக்கு மேல் சத்தமாகக் கழுவினேன்.

இந்த நிலையில்தான் வரி அலுவலகத்திலிருந்து அளவுக்காரர் வந்தார். ஒல்லியான மனிதர், எதையும் எழுதுவதற்கு முன் பென்சிலைச் சீவுவார், எழுதிய பின்னும் சீவுவார். பத்தொன்பது வருடமாக ஒருவர் விருப்பம் என்று எழுதியிருக்கிறாரே, அப்படி என்னதான் வீடு என்று பார்க்க அனுப்பியிருந்தார்கள். அவர் வந்தபோது பின்வாசலில் முளைத்த அந்த நடை பதினோரு சாண் வளர்ந்திருந்தது. அளவுநாடாவின் ஒரு முனையை என் கையில் கொடுத்து, மறுமுனையோடு பம்பு அறைப் பக்கம் நடந்தார்.

“வரைபடத்துல இது இல்லையே. யாரைக் கேட்டுக் கட்டுனீங்க?”

“நாங்க கட்டலைங்க. அதுவா வருது,” என்றார் அண்ணி.

“அதுவா வர்றதுக்கு அது என்ன பூசணிக்கொடியா? சிமெண்ட் வாங்குன பில்லு இருக்கா?”

“செத்தவரு பில்லு வாங்கி வைப்பாரா சார்?”

அளவுக்காரர் பென்சிலைச் சீவினார். யார் கட்டினார்கள் என்பது அவர் துறை அல்ல. எவ்வளவு என்பதுதான் அவர் துறை. பரப்பு கூடினால் வாடகை மதிப்பு கூடும், வாடகை மதிப்பு கூடினால் பிடித்தம் கூடும். அவர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்தார். ஒவ்வொரு முறையும் நடை நீண்டிருந்தது, அண்ணியின் சம்பளம் சிறுத்திருந்தது. பாதி வழியில் ஓரிடத்தில் சுவர் காரணமில்லாமல் இடப்பக்கம் ஒதுங்கி, மூன்றடி போய், மறுபடி நேரானது. அந்த இடத்தில் முன்பு ஒரு கிழட்டு நாய் படுத்திருக்கும். நாய் செத்து ஒன்பது வருடம் ஆகியும் பம்புக்காரர் அதைச் சுற்றியே நடந்துகொண்டிருந்தார். கேட்டால், கால் பழகிவிட்டது என்பார். அளவுக்காரர் தன் குறிப்பில் ‘தேவையற்ற வளைவு’ என்று எழுதிக்கொண்டார். அண்ணி அன்று மாலை அந்த வளைவில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்தார். காலையில் கிண்ணம் காலியாக இருந்தது. வெயில் காலம், ஆவியாகவும் போயிருக்கலாம்.

நடையை இடித்துவிட்டால் பிடித்தம் பழைய அளவுக்காவது இறங்கும் என்று அளவுக்காரரே யோசனை சொன்னார். அண்ணி நான்காம் நாள் கொத்தனாருக்குச் சொல்லி அனுப்பினார். கொத்தனார் கடப்பாரையோடு வந்து, சுவரைத் தட்டிப் பார்த்து, கடப்பாரையைக் கீழே வைத்தார். “அக்கா, நான் நாப்பது வருஷமா சுவர் வைக்கிறேன். இதுல ஒரு விரிசல் காட்டுங்க, இடிக்கிறேன்,” என்றார். கூலி வேண்டாமா என்று அண்ணி கேட்டதும் கடப்பாரையை மறுபடி எடுத்துக்கொண்டார். இடிப்பதைப் பார்த்து எழுதிக்கொள்ள அளவுக்காரரும் வந்திருந்தார். மூவரும் நடையின் முனையில் நின்று தேநீர் குடித்தோம், கொத்தனார் குந்தியிருந்தார். அப்போது அளவுக்காரர், சும்மா பேச்சுக்குத்தான், எதிரே பம்பு அறையைப் பார்த்துச் சொன்னார்:

“எல்லாம் அந்த நாப்பதடியால வந்த வினைம்மா. வீடு அதோட ஒட்டி இருந்திருந்தா வேலை செய்யிற இடத்துலயே இருக்கிற வீடுன்னு ஆயிருக்கும். வரி கிடையாது, நானும் இங்க வந்திருக்க மாட்டேன்.”

அண்ணி தம்ளரைக் கையில் பிடித்தபடியே அந்த இடைவெளியைப் பார்த்தார். பிறகு உதடு அசையாமல் எண்ணினார். நாற்பது அடியில் முப்பத்திரண்டு அடி கம்பெனி நிலம். கடைசி எட்டடி ஊர்ப் பொதுச் சந்து. வாரத்துக்கு ஒரு சாண்.

“எந்த நாள் அளவை வச்சு முடிவு பண்ணுவீங்க சார்?”

“வருஷக் கடைசி நாள்ல டேப்பு என்ன சொல்லுதோ, அதுதான் அந்த வருஷத்துக்கு.”

அண்ணி கொத்தனாருக்கு அரைநாள் கூலியைக் கொடுத்து அனுப்பிவிட்டார். கொத்தனார் போகிற போக்கில் சுவரை ஒருமுறை தடவிவிட்டுப் போனார்.

நாற்பத்து மூன்றாம் வாரம் நடை சந்தின் ஓரத்துக்கு வந்து சேர்ந்தது. அதோடு நின்றுவிட்டது. ஒரு வாரம் போயிற்று, இரண்டு வாரம், ஐந்து வாரம். அண்ணி ஒவ்வொரு திங்கட்கிழமையும் சாணால் அளந்து பார்த்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே வருவார். ஒரு பழைய பெட்டியைத் துடைத்து வெயிலில் வைத்தார். நானும் என் புத்தகங்களைக் கட்ட ஆரம்பித்தேன். வருடம் முடிய மூன்று வாரம் இருந்தபோது, ஒரு காலை, மோட்டாரை நிறுத்திவிட்டு அண்ணி வீட்டுக்குத் திரும்பாமல் சந்தின் ஓரத்திலேயே நின்றார். சைக்கிள்கள் போயின. பள்ளிக்கூடப் பெண்கள் போனார்கள். ரொட்டி வண்டி போயிற்று. கிழிந்த சட்டையோடு ஒருவர் ஒரு கட்டிலைத் தலையில் வைத்துக்கொண்டு போனார். அண்ணி திடீரென்று சிரித்தார். அந்த வருடத்தில் அவர் சிரித்து நான் அதுவரை பார்க்கவில்லை.

“உங்கண்ணன் நிக்கிறாருடி. வேற ஒண்ணுமில்ல. எல்லாரும் போகட்டும்னு நிக்கிறாரு.”

உண்மைதான். பம்புக்காரர் யாரையும் முந்தி அந்தச் சந்தைக் கடந்ததில்லை. வண்டிக்கு நிற்பார், குழந்தைக்கு நிற்பார், வாத்துக்கூட்டத்துக்கும் நிற்பார். அதற்காகவே பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்புவார். “எமன் வந்தப்பவும் ‘நீங்க முதல்ல போங்க’ன்னு சொல்லியிருந்தா இன்னும் இருந்திருப்பாரு. அதை மட்டும் சொல்லத் தோணலை,” என்றார் அண்ணி. சொல்லிவிட்டுக் கொஞ்சம் அழுதார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, என்னைச் சந்தின் ஒரு முனையில் நிறுத்தி, தான் மறுமுனைக்குப் போனார்.

என் பக்கம் இரண்டு சைக்கிள்காரர்கள் நின்றார்கள். அண்ணி பக்கம் ரொட்டி வண்டி திரும்பி வந்தது.

“என்னம்மா, ரோட்டை மறிக்கிறீங்க? மந்திரி யாரும் வர்றாரா?”

“எங்க வீட்டுக்காரரு தாண்டணும்ப்பா. யாராவது வழி விட்டாத்தான் வருவாரு.”

ரொட்டி வண்டிக்காரர் நடையின் முனையைப் பார்த்தார். ஒரு வருடமாக அது வளர்வதை அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். வண்டியை அணைத்து, கீழே இறங்கி, கதவை மெதுவாகச் சாத்தினார். “பன்னெண்டு வருஷம் எனக்காக நின்னவரு. ஒருநாள் நான் நிக்கிறதுல என்ன,” என்றார். பிறகு வெறும் சந்தைப் பார்த்துக் கையை நீட்டி, “வாங்க சார். வந்துடுங்க. நான் இருக்கேன்,” என்றார்.

வீடு கடந்தது. ரொட்டி வண்டிக்காரர் ஒரு பீடி குடித்து முடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. எட்டடியும் தாண்டி, பம்பு அறையின் ஒரே கதவை நடையின் முனை சரியாக வந்து கவ்விக்கொண்டது. சந்தின் மேல் வந்த பகுதிக்குச் சுவர் இல்லை. கூரை மட்டும், ரொட்டி வண்டி போகும் உயரத்தில். ஒரு சைக்கிள்காரர் மணியடித்துவிட்டுக் கடந்து போனார். யாருடைய வழியும் அடைபடவில்லை.

வருடக் கடைசி நாள் அளவுக்காரர் வந்தார். நாடாவின் முனையை என் கையில் கொடுத்துவிட்டு, படுக்கை அறையிலிருந்து நடந்து, வளைவில் ஒதுங்கி, சந்தில் ஒரு பால் வண்டிக்கு நின்று, பம்பு அறைவரை கூரையைவிட்டு வெளியே வராமல் போய்ச் சேர்ந்தார். இரண்டு நிபந்தனை சரி என்றார். மூன்றாவதுக்குப் படிவத்தை எடுத்து அண்ணியிடம் நீட்டினார்.

“ஏழாவது கேள்விக்குக் கட்டாயம்னு ஒரு டிக்கு மட்டும் போடுங்கம்மா. முடிஞ்சுது.”

அண்ணி படிவத்தை வாங்கி, விருப்பம் என்ற இடத்தில் டிக் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“என்னம்மா இது, கனிஞ்ச பழத்தைக் காலால எத்துறீங்க?”

“அவரு எழுதாததை நான் எழுத மாட்டேன் சார். நீங்க உங்க வேலையைப் பாருங்க, நான் பெட்டியைக் கட்டுறேன்.”

அளவுக்காரர் பென்சிலைச் சீவினார். பாதிப் பென்சில் தீரும்வரை சீவினார். பிறகு, பம்பு அறைக்கு வேறு கதவு உண்டா என்று கேட்டார். இல்லை என்றார் அண்ணி. பின்பக்க ஜன்னல்? கம்பி போட்டது. அப்படியானால் பம்பைப் போடுகிறவர் இந்த வீட்டுக் கூரைக்கு அடியில் வந்துதான் ஆக வேண்டுமா? ஆமாம். அவர் நின்றபடியே, தன் முழங்கையில் தாளை வைத்து எழுதினார். அந்த அறிக்கையின் நகல் எங்களிடம் இருக்கிறது: “பம்பு அறைக்கு வழி இவ்வீட்டின் கூரைக்கு அடியில் மட்டுமே உள்ளது. ஆகவே பம்பு இயக்குபவர் இங்கு குடியிருப்பது பணிக்குத் தவிர்க்க முடியாதது. குடியிருப்பவர் அதை விரும்பியும் செய்கிறார் என்பது தெரியவருகிறது. விருப்பத்துக்கு வரி விதிக்க விதிகளில் இடமில்லை.”

அந்த வருடம் பிடித்ததைத் திருப்பிக் கொடுத்தார்கள். அண்ணி கம்பெனிக்குக் கொடுத்த கடிதத்தைத் திரும்ப வாங்கிக் கிழித்தார். பெட்டி மறுபடி பரணுக்குப் போனது. கம்பெனி தன் வரைபடத்தில் வீட்டையும் பம்பு அறையையும் ஒரே கட்டடமாகப் போட்டு, பக்கத்தில் ‘தேவையான வளைவு’ என்று குறித்துக்கொண்டது. வீடு அதற்கு மேல் வளரவில்லை. இப்போது பதினான்கு வருடம் ஆகிறது. மழை வந்தால் ஊரார் சந்தில் எங்கள் கூரைக்கு அடியில் ஒதுங்குகிறார்கள். அது எப்படி வந்தது என்று புதிதாகக் குடிவந்தவர்கள் கேட்டால், பம்புக்காரர் சந்தைக் கடந்தபோது வந்தது என்று சொல்லிவிட்டுக் குடையை உதறுகிறார்கள். அண்ணிக்கு இரண்டு பதவி உயர்வு ஆயிற்று; மோட்டார்கள் மூன்றையும் மாற்றிவிட்டார்கள், மேல்தொட்டியும் புதிது. பம்பு அறையில் இடக்கோடியில் இருக்கும் சின்ன வால்வு மட்டும், பம்புக்காரர் தன் கைப்பழக்கத்துக்கு மாற்றி வைத்துக்கொண்டபடியே, மற்ற வால்வுகளுக்கு எதிர்ப்பக்கமாகத்தான் இன்னும் திறக்கிறது.